பதினொன்றில் ஒன்று

முப்பத்தாறாவது வயதில் எனக்கு ‘வளரும் கலைஞர்’ என்று ஒரு பட்டம் வந்தது. இனி எங்கே வளர்வது, பக்கவாட்டில்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. கைப்பேசியில் இருந்த ஆங்கிலக் கடிதத்தை மறுபடியும் காட்டச் சொல்லி, கண்ணாடி போட்டுக்கொண்டு என் பெயர் இருந்த வரியைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் சேமியா பாயசம் வைத்தார். அன்று எந்த விசேஷமும் இல்லை, வெறும் வியாழக்கிழமை.

கோபம் அடங்கிய பிறகு இதை எழுதலாம் என்று ஒரு வருடம் காத்திருந்தேன். அடங்குகிற மாதிரி தெரியவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதிவிடுகிறேன்.

நான் ஈப்போவில், சிலிபின் பக்கம் ஒரு பேனர் அச்சடிக்கும் கடையில் வேலை செய்கிறேன். கோயில் திருவிழா, கல்யாணம், பிறந்தநாள், டியூஷன் சென்டர் விளம்பரம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் செய்வோம். கணினியில் மாப்பிள்ளையின் கருவளையத்தை அழிப்பது, செத்தவருக்குக் கோட்டும் டையும் மாட்டிவிடுவது என் தொழில். ஓய்வு நாட்களில் வீட்டில் பின்னறையில் படம் வரைவேன். இரண்டு வருடங்களாக வரைந்தது பதினொரு படங்கள். பதினொன்றும் அம்மாதான்.

அம்மா கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். இருபத்தாறு வருடமாக அதே வேலை. கையுறைக்குள் காற்றை நிரப்பி, வெளிச்சத்தில் பிடித்து, ஊசித் துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் ஒரு பெட்டியில், இல்லாவிட்டால் இன்னொரு பெட்டியில். நின்றுகொண்டேதான் செய்ய வேண்டும். நான் வரைந்தது அம்மாவின் ஒரு நாளை. தொழிற்சாலை பஸ்ஸில் வாயைத் திறந்துகொண்டு தூங்கும் அம்மா, தலைவலையோடு மீ ஹூன் சாப்பிடும் அம்மா, பழுதான லிஃப்டைத் திட்டிக்கொண்டே நாலு மாடி ஏறும் அம்மா, கைப்பேசியில் யாரோ அனுப்பிய கோமாளித்தனத்தைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிக்கும் அம்மா. கடைசிப் படம் மட்டும் அடையாள அட்டையில் இருக்கும் அவருடைய புகைப்படத்தைப் பார்த்துப் பெரிதாக வரைந்தது. நேராகப் பார்க்கும் முகம், சிரிப்பில்லை. அரசாங்கத்துக்கு அம்மா எப்படித் தெரிகிறார் என்பதற்காக அதைச் சேர்த்தேன். மற்ற பத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதற்கு அர்த்தம். பத்துப் படங்களில் ஓயாமல் இயங்கும் ஒரு மனுஷி, ஒன்றில் மட்டும் விறைத்துக்கொண்டு நிற்கிறார், அவ்வளவுதான்.

அந்தக் கடிதம் வந்தது பல நாடுகளிலிருந்து புதிய கலைஞர்களைச் சேர்க்கும் ஒரு பெரிய கண்காட்சியிலிருந்து. முதலில் ஈப்போ பழைய டவுனில் ஒரு பழைய கிடங்கில் நடக்கும், பிறகு ஐரோப்பாவில் ஒரு நகரத்துக்குப் போகும். அதற்கு இரண்டு கியூரேட்டர்கள். கியூரேட்டர் என்றால் யாருடைய படம் உள்ளே வர வேண்டும், எந்தச் சுவரில் தொங்க வேண்டும், பக்கத்தில் என்ன எழுதியிருக்க வேண்டும், வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்று முடிவு செய்பவர். படத்தை வரைவது மட்டும்தான் நம் வேலை. மிச்சம் எல்லாம் அவர்கள் கையில்.

தலைமை கியூரேட்டர் ஐரோப்பியப் பெண்மணி. வெள்ளி முடி, கான்வாஸ் சப்பாத்து, யார் பேசினாலும் தலையைச் சாய்த்துக் கேட்பார். நல்லவர். அதுதான் எனக்கு அதிக எரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் முதல் நாளே சண்டை போட்டிருப்பேன். துணை கியூரேட்டர் நம்ம ஊர்க்காரர். ஈப்போவிலேயே பிறந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா டாக்டர். வெளிநாட்டில் படித்துவிட்டுக் கோலாலம்பூரில் இருக்கிறார். தேவைப்படும்போது மட்டும் தமிழ் பேசுவார்.

இருவரும் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தார்கள். அம்மா பருப்பு வடை சுட்டு வைத்திருந்தார். தலைமை கியூரேட்டர் வடையைப் புகழ்ந்தார், படங்களை ஒவ்வொன்றாக நின்று பார்த்தார், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார். துணை கியூரேட்டர் அதை மொழிபெயர்த்தார். அம்மா என்னைப் பார்த்தார்.

“நான் பால் வெட்டுனதே இல்லையே. எங்கப்பா வெட்டுனாரு. எட்டு வயசுல தோட்டத்த விட்டு இங்க வந்துட்டோம்லா. நான் ஃபேக்டரிதான்.”

அவர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். தலைமை கியூரேட்டர் மெதுவாகத் தலையாட்டி, நோட்டில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று அப்போது எனக்குத் தெரியாது. அம்மா சொன்னதையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் அம்மா பிறந்த தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். சுங்கை சிப்புட் பக்கம் அழைத்துப் போனேன். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். பாதி செம்பனை, பாதி புதிய தாமான் குடியிருப்பு. லயத்து வீடுகள் இருந்த இடத்தில் கார் கழுவும் கடை. தலைமை கியூரேட்டரின் முகம் வாடிப்போனது. சுற்றிச் சுற்றி விசாரித்து, கோயிலுக்குப் பின்னால் நாலைந்து ரப்பர் மரங்கள் மிச்சம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அம்மாவை ஒரு மரத்தடியில் நிறுத்தி, பட்டையில் கை வைக்கச் சொன்னார்கள். கொசு பிய்த்துப் பிடுங்கியது. அம்மா விருந்தாளிகளின் மனம் கோணக்கூடாது என்று கால் மாற்றிக் கால் சொறிந்துகொண்டு பத்து நிமிடம் நின்றார். நான் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றே வாயைத் திறந்திருக்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து வீடியோ அழைப்பில் சொன்னார்கள். பதினொன்றில் ஒன்றை எடுத்துக்கொள்கிறார்கள். அடையாள அட்டைப் படம்.

ஏன் என்று கேட்டேன். மற்ற பத்தும் தகவல் சொல்கின்றன, இது மௌனமாக இருக்கிறது என்றார் தலைமை கியூரேட்டர். தொழிற்சாலை பற்றி ஏற்கெனவே வேறொரு நாட்டிலிருந்து ஒருவர் வருகிறார் என்றார் துணை கியூரேட்டர். அப்போதுதான் எனக்கு அவர்கள் கணக்கு புரிந்தது. ஒரு நாட்டுக்கு ஒரு துக்கம் ஒதுக்கியிருந்தார்கள். ஒரு நாட்டுக்குத் தையல் தொழிற்சாலை, ஒரு நாட்டுக்குக் கடல், ஒரு நாட்டுக்கு நிலநடுக்கம். மலேசியத் தமிழச்சிக்கு ரப்பர். நான் எதை வரைந்து கொண்டுபோனாலும் அந்தக் குழிக்குள் எதை உருட்டிவிட முடியுமோ அதை மட்டும்தான் எடுத்திருப்பார்கள். என் படம் தொங்கும் அறைக்குப் ‘பால்’ என்று பெயர் வைத்தார்கள். தரையில் பால் பிடிக்கும் மங்குகளை வரிசையாக அடுக்குவார்களாம். மங்குகளை யார் வீட்டிலிருந்து வாங்கினார்கள் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை.

லிஃப்டைத் திட்டும் அம்மா அவர்களுக்கு வேண்டாம். சிரிக்கும் அம்மா வேண்டவே வேண்டாம். இருபத்தாறு வருடமாகக் காலையில் எழுந்து பஸ் ஏறும், இன்றைக்கும் உயிரோடு உழைக்கும் ஒருத்தியைவிட, எப்போதோ அழிந்துபோன ஒருத்தி அவர்களுக்கு வசதியாக இருந்தாள். அழிந்துபோனவள் எதிர்த்துப் பேசமாட்டாள்.

இருந்தாலும் சரி என்றேன். பத்துப் படங்களையும் பழைய பெட்ஷீட்டில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். ஒன்றாவது போகட்டும், போன பிறகு மற்றவற்றைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பதினைந்து வருடமாக விண்ணப்பம் போட்டு, பதினைந்து வருடமாக ‘வருந்துகிறோம்’ வாங்கியவளுக்கு அந்த ஒன்று பெரிதாகத்தான் தெரிந்தது.

சுவரில் ஒட்டப்போகும் குறிப்பை அனுப்பினார்கள். தோட்டத்தில் பால் வெட்டி வாழ்ந்து மறைந்த ஒரு தலைமுறையின் முகம் என்று இருந்தது. நான் பொங்கிவிட்டேன். அம்மா பால் வெட்டியதில்லை என்று உங்கள் காதால் கேட்டீர்களே என்று எழுதினேன். தலைமை கியூரேட்டர் அழைத்து, கனிவான குரலில், குறிப்பு என்பது பிறப்புச் சான்றிதழ் இல்லை, பார்ப்பவருக்குத் திறக்கும் கதவு என்றார். கடைசியில் ‘பால் வெட்டி’ என்பதை எடுத்துவிட்டு ‘தோட்டத்து மண்ணிலிருந்து வந்த’ என்று போட்டார்கள். ‘மறைந்த’ அப்படியே இருந்தது. நானும் அதற்கு மேல் மல்லுக்கட்டவில்லை.

மல்லுக்கட்டாததற்கு ஒரு காரணம் இருந்தது. அன்று சாயங்காலமே துணை கியூரேட்டர் கூப்பிட்டார். அந்த ஒரு தடவை முழுக்கத் தமிழில் பேசினார். இன்னொரு நாட்டுக் கலைஞர் ஒவ்வொன்றுக்கும் வாதாடிக்கொண்டிருந்ததாகவும், அவரை எடுத்துவிட்டு வேறொருவரைப் போட்டுவிட்டதாகவும் சொன்னார். தனக்கு என் மேல் அக்கறை இருக்கிறதாம். கொஞ்சம் பார்த்து நடந்துகொள்ளச் சொன்னார். நான் நன்றி சொன்னேன். மிரட்டியவனுக்கு நன்றி சொன்னேன் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு நான் பூம்பூம் மாடு மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

கண்காட்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு மின்னஞ்சல் வந்தது. பதினாலு கேள்விகள். படத்துக்குச் சட்டம் வேண்டுமா, சுவருக்கு மண் நிறம் அடிக்கலாமா, படத்தைக் கண் மட்டத்துக்கு மேலே தொங்கவிடலாமா. ஒன்பதாவது கேள்வி, தமிழ் இல்ல வழக்கப்படி படத்தோடு மலரும் விளக்கும் வைக்கலாமா. நான் கடையில் இருந்தேன். ஒரு கல்யாணப் பேனர் அச்சில் ஓடிக்கொண்டிருந்தது, பெண்ணின் அப்பா பக்கத்தில் நின்று தன் பெயர் சின்னதாக இருக்கிறது என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். ஜாடியில் கொஞ்சம் பூ வைப்பார்கள், பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு வைப்பார்கள் என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைத்ததாக இப்போது சொல்கிறேனா தெரியவில்லை. ஒன்பதாவது கேள்வியில் என் கண் ஒரு நொடி நின்றது உண்மை. எப்படி வைப்பீர்கள் என்று கேட்டால், இதோ ஆரம்பித்துவிட்டாள் என்பார்கள். ‘பதினாலுக்கும் சம்மதம்’ என்று ஒற்றை வரியில் பதில் போட்டுவிட்டுப் பெண்ணின் அப்பா பெயரைப் பெரிதாக்கினேன்.

கடைசி மூன்று நாள் கலைஞர்கள் யாரும் கிடங்குக்குள் வரக்கூடாது என்றார்கள். அறைகள் தங்கள் கையில் உருவாகும்வரை பொறுத்திருக்க வேண்டுமாம்.

திறப்பு விழா சனிக்கிழமை நாலு மணிக்கு. அம்மா அரக்கு நிறப் பட்டுப்புடவை கட்டியிருந்தார், தலையில் மல்லிகை வைத்திருந்தார். தொழிற்சாலையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டதாகவும், சூப்பர்வைசர்கூடக் கை குலுக்கியதாகவும் காரில் வரும்போது சொன்னார். கிடங்கின் முன்னால் அஞ்சடி நடைபாதையில் நின்று ஒரு தடவை புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டார். வாசலில் கழுத்தில் மாட்டிக்கொள்ள அட்டை கொடுத்தார்கள். எனக்குக் கலைஞர் என்று, அம்மாவுக்கு விருந்தினர் என்று.

‘பால்’ அறைக்குள் நான்தான் முதலில் நுழைந்தேன். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நுழைந்தேன்.

மண் நிறச் சுவர். தலைக்கு மேலே உயரத்தில் அம்மாவின் படம். படத்துக்குத் தடியான செவ்வந்தி மாலை. படத்துக்குக் கீழே ஒரு சின்னப் பலகை, அதில் ஒரு சிவப்பு விளக்கு. எண்ணெய் விளக்கு ஏற்றினால் தீ ஆபத்து என்று கிடங்குக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம், அதனால் மின்சார விளக்கு. எந்தத் தமிழ் வீட்டுக் கூடத்தில் போய்ப் பார்த்தாலும் செத்துப்போனவர் படத்துக்குக் கீழே இருபத்துநாலு மணி நேரமும் எரியுமே, அச்சாக அதே விளக்கு. பக்கத்தில் குறிப்பு. மறைந்த ஒரு தலைமுறையின் முகம். கீழே மங்குகள்.

மாதம் நாலு கண்ணீர் அஞ்சலி பேனர் செய்கிறவள் நான். மாலை எந்த அளவில் இருந்தால் முகம் மறையாது என்று எனக்குத் தெரியும். முகம் மறையாத அளவில்தான் போட்டிருந்தார்கள்.

அம்மாவின் கை என் கைக்குள் இருந்தது. அது மெல்ல நழுவிப்போனது.

“யாருடி போட்டது?”

அம்மா என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மங்குகளைப் புடவை படாமல் தாண்டி நடந்து சுவருக்குப் போனார். குதிகாலைத் தூக்கி மாலையின் நுனியைப் பிடித்தார். எட்டவில்லை. காவலுக்கு நின்ற மலாய்க்காரர் ஓடி வந்து, தொடக்கூடாது மக்சிக் என்று பெரியவர்களை அழைக்கும் மரியாதையோடு சொன்னார். அம்மா திரும்பிப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

“இனி கம்பார் சாயா, பாங். சாயா மாசி ஹிடூப்.”

இது என் படம் அண்ணே, நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று மலாயில் சொன்னார். அந்த மனிதர் படத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், முகம் மாறிப்போனது. அந்தக் கட்டடத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் உடனே புரிந்தது. மன்னிச்சிடுங்க மக்சிக் என்று சொல்லிவிட்டுத் தானே கை நீட்டி மாலையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார். அம்மா குனிந்து சிவப்பு விளக்கின் பிளக்கைப் பிடுங்கினார்.

யாரோ கை தட்டினார்கள்.

முதலில் ஒருவர், பிறகு ஏழெட்டுப் பேர். திரும்பிப் பார்த்தால் அறை நிறையக் கைப்பேசிகள். பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இது நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். வாசலில் தலைமை கியூரேட்டர் நின்றார், கண் கலங்கியிருந்தது. எனக்கு அந்தக் கண்ணில் குத்த வேண்டும்போல் இருந்தது.

அம்மா மாலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். பூவைக் குப்பைத்தொட்டியில் போட மனம் வராமல் கார் நிறுத்துமிடத்து ஓரத்தில் ஒரு மரத்தடியில் வைத்தார். தண்ணீர் போத்தலைத் திறந்து கையைக் கழுவினார், கொஞ்சம் எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டார். தெளித்த தண்ணீர் மல்லிகையிலும் பட்டுப்புடவையிலும் விழுந்தது. அதைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“ஒனக்குத் தெரியுமா இப்படிப் போடப்போறாங்கன்னு?”

“தெரியாதும்மா.”

அம்மா சரி என்று தலையாட்டினார். அவரை வாடகைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு உள்ளே போய்த் துணை கியூரேட்டரைத் தேடினேன். தூணுக்குப் பக்கத்தில் யாருக்கோ எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். நேராகப் போய் அவரிடம் கேட்டேன்.

“ஒங்க வீட்ல உயிரோட இருக்கிறவங்க படத்துக்கு மாலை போட்டு செவப்பு லைட்டு வைப்பீங்களா?”

அவர் என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போனார். ஒன்பதாவது கேள்விக்கு நான் சம்மதித்திருக்கிறேன் என்றார், கைப்பேசியில் என் பதிலைக்கூடக் காட்டினார். அந்தப் பெண்மணிக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்தானே என்றேன். தெரியும் என்றார். மறைக்கவில்லை. தலைமை கியூரேட்டருக்கு அந்தத் தோற்றம் மிகவும் பிடித்துப்போனது, நானும் சம்மதித்துவிட்டேன், இடையில் புகுந்து கெடுக்கத் தனக்கு என்ன இருக்கிறது என்றார். அவர் வீட்டுக் கூடத்தில் அவர் தாத்தாவின் படம் மாலையும் விளக்குமாகத்தான் இருக்கிறதாம். அதைப் பார்த்துத்தான் விளக்கின் நிறத்தைச் சொன்னாராம்.

அவரை அறைந்திருக்கலாம். அறைய வேண்டியவர்கள் வரிசையில் எனக்கு முன்னால் அவர் நிற்கவில்லை என்பது தெரிந்திருந்ததால் கையைக் கட்டிக்கொண்டேன். அவருக்குத் தெரியும், வாயை மூடிக்கொண்டார். எனக்கும் தெரியும், நானும் வாயை மூடிக்கொண்டேன். அவருக்காவது அது யாரோ ஒருத்தியின் அம்மா.

மறுநாள் மாலையையும் விளக்கையும் எடுத்துவிட்டதாகவும் மனப்பூர்வமாக வருந்துவதாகவும் கடிதம் வந்தது. கொஞ்சம் ஆறினேன். திங்கட்கிழமை தலைமை கியூரேட்டர் கடைக்கே வந்தார். அச்சு இயந்திரத்தின் சத்தத்துக்கு நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்பு உண்மைதான், நடிப்பு இல்லை. பிறகு, கையை விடாமலேயே சொன்னார்: கண்காட்சி முழுவதிலும் சத்தியமாக இருந்த ஒரே கணம் என் அம்மா அந்த மாலையைக் கழற்றிய கணம்தான். அன்று பார்த்தவர்கள் எல்லோரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள். நிறைவு நாளன்று அம்மா அதை மறுபடி செய்ய முடியுமா? ஐரோப்பாவிலும் செய்ய முடியுமா? விமானம், தங்குமிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு.

நான் அச்சு இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் அதைத் தயக்கம் என்று எடுத்துக்கொண்டார்போல. அங்கே எனக்குத் தனி அறை ஒதுக்கலாம் என்றார். அம்மாவின் செயல் நடுவில் இருந்தால், அதைச் சுற்றி மற்ற பத்துப் படங்களுக்கும் இப்போது இடம் இருக்கிறது என்றார். பஸ்ஸில் தூங்குவது, லிஃப்டைத் திட்டுவது, சிரிப்பது, எல்லாமே. அவர் அவற்றை ஒவ்வொன்றாக ஞாபகம் வைத்திருந்தார்.

இந்த இடத்தில் நான் அவரை வெளியே போகச் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. கேட்டவர்களிடம் அப்படித்தான் சொல்லியும் வந்திருக்கிறேன். உண்மையில் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மூன்று நாள் யோசித்தேன். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்ஷீட் மூட்டையை இழுத்துப் பிரித்து, பத்துப் படங்களையும் சுவரோரம் சாய்த்து வைத்துப் பார்த்தேன். அந்தச் சிரிக்கும் படத்தில் அம்மாவின் கழுத்துச் சுருக்கத்தை வரைய எனக்கு ஐந்து வாரம் ஆகியிருந்தது. அதை நாலு பேர் பார்க்க வேண்டாமா? அம்மா ஏற்கெனவே ஒரு தடவை கழற்றியாகிவிட்டது, இன்னொரு தடவை கழற்றுவதில் என்ன குறைந்துவிடப் போகிறது? இப்படியெல்லாம் என் மண்டைக்குள் ஓடியது. கியூரேட்டர்கள் பேசுகிற மாதிரியே, அதே கனிவான குரலில்.

நாலாம் நாள் அம்மாவுக்கு ஓய்வு நாள். காலையில் பசியாறிவிட்டுச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மறுபடி மாலை போடுவார்கள், எல்லோருக்கும் முன்னால் கழற்ற வேண்டும், அப்படிச் செய்தால் பதினொரு படங்களும் போகும் என்று சொன்னேன். சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, இஸ்திரிப் பெட்டியைத்தான் பார்த்தேன். அது கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் நின்றது, பிறகு நகர்ந்தது.

“எத்தன நாளு லீவு போடணும்?”

ஒரு வாரம் இருக்கலாம் என்றேன். ஆண்டு விடுப்பில் எட்டு நாள் மிச்சம் இருக்கிறது என்றார் அம்மா. சீருடையை மடித்து என் மடியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்துப் பலகையில் விரித்தார்.

“ஆனா ஒண்ணு. மாலைய அவுங்க போட வேணாம்லா. நீயே போடு. ஒன் கையால போட்டா எனக்கு ஒண்ணும் ஆவாது.”

நான் எழுந்து குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். குழாயைத் திறந்துவிட்டு, அங்கே நின்றபடியே, கண்காட்சியிலிருந்து விலகிக்கொள்கிறேன், படத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்று எழுதி அனுப்பினேன். காரணம் கேட்டு மூன்று கடிதம் வந்தது. எதற்கும் பதில் போடவில்லை. அம்மாவிடம் அவர்களே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். அம்மாவுக்கு என் மேல் வர வேண்டிய கோபம் எல்லாம் அவர்கள் மேல் வந்தது. இப்படி ஆசை காட்டி மோசம் செய்யலாமா என்று ஒரு வாரம் புலம்பினார்.

ஒரு வருடம் ஆகிவிட்டது. பதினொரு படங்களும் பின்னறையில் இருக்கின்றன. அம்மா இப்போதும் எப்போதாவது சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று நிறுத்திவிட்டு, “நான் வாரேன்னு அவுங்ககிட்ட சரியா சொன்னியா, இல்லியா?” என்று கேட்கிறார். சொன்னேன்மா என்கிறேன்.